கூம்பு தானாக ஆடுகிறது, இடது பெட்டியில் கரகர சத்தம்: ஸ்பீக்கர் போய்விட்டதா?

குடமுருட்டி

எல்லோருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் வீடு. மாடியில் ஓர் அறையைப் பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன், 14 அடிக்கு 11 அடி, கான்கிரீட் கூரை. ஆம்ப் சேனலுக்கு 50 வாட். ஸ்பீக்கர் இரண்டும் கைமாறி வந்தவை, தாழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல ஊஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு ட்வீட்டர், 8 ஓம், பின்னால் காற்றுத் துளை உள்ள பெட்டி.

கேட்பது பெரும்பாலும் பழைய நாதஸ்வரத் தட்டுகள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்து 78 சுழற்சித் தட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். குழல் நன்றாக இருக்கிறது, தவிலுக்குத்தான் கனம் போதவில்லை. ஒரு மாதமாக, தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கனம் வந்தது என்று நினைத்தபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பாட்டு தொடங்கும் முன்பே, வெறும் தட்டு இரைச்சல் வரும்போதே, ஊஃபர் கூம்பு உள்ளே வெளியே என்று மூச்சு வாங்குவது போல ஆடுகிறது. இரண்டு, தவில் பலமாக விழும் இடங்களில் இடது பெட்டியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். வலதில் இல்லை.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் சிரிப்பீர்கள். காசு சேர்த்து வாங்கிய பெட்டி. இனி போடலாமா கூடாதா?

மாடிப்படி

ஆம்ப்பை மாற்றுங்கள். 50 வாட்டெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு வாட்டா? கூடவே ஒயரையும் மாற்றுங்கள், நான் நல்ல செம்பு ஒயர் போட்ட பிறகு தவில் வீட்டுக்குள்ளேயே நடந்து வந்தது.

வலங்கைமான் மைக்செட்

தவில் நடந்து வந்ததா, நல்லது. தம்பி குடமுருட்டி, முதலில் சவுண்டைக் குறைத்து வைத்துவிட்டு நிதானமாக இருங்கள். நான் முப்பது வருஷமாகக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மைக்செட் கட்டுகிறவன், எரிந்த காயிலை, அதாவது கூம்பை ஆட்டும் கம்பிச் சுருளை, மூக்காலேயே கண்டுபிடிப்பேன். பெட்டியின் துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள், கருகின வார்னிஷ் வாடை வருகிறதா? வரவில்லை என்றால் பாதி பயம் போயிற்று.

அப்புறம் ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஊஃபர் கூம்பின் நடுக் குமிழைச் சுற்றி நாலு விரலைப் பரத்தி வைத்து மெதுவாக, நேராக உள்ளே தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கமாக அழுத்தினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், அதனால் சமமாகத் தள்ள வேண்டும். மணலில் கால் தேய்ப்பது போலச் சத்தம் கேட்டால் காயில் உரசுகிறது. பஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. இரண்டு பெட்டியிலும் பார்த்துச் சொல்லுங்கள். ட்வீட்டரைத் தொட வேண்டாம், அதன் குமிழ் ஒரு தடவை உள்ளே போனால் போனதுதான்.

ஈக்வலைசரில் எதை எவ்வளவு ஏற்றினீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

குடமுருட்டி

அண்ணே, வாடை இல்லை. தள்ளிப் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி வழுக்குகிறது, உரசல் இல்லை. ஓரத்தில் ரப்பர் வளையம், விரிசல் எதுவும் தெரியவில்லை.

ஈக்வலைசரில் 40 ஹெர்ட்ஸை 9 டெசிபல் ஏற்றியிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அறையின் நடுவில்தான் நாற்காலி. போனில் அளந்து பார்த்தேன், அந்த இடத்தில் 40 பக்கம் ஒரு பள்ளம் தெரிந்தது, அதை நிரப்பலாம் என்று நினைத்தேன். முதலில் 3, போதவில்லை. 6, போதவில்லை. 9-ல் ஏதோ வந்தது போல இருந்தது.

அரசலாறு

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன், பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன், நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி, அந்தப் பள்ளம் ஸ்பீக்கரின் குறை இல்லை, உங்கள் அறையின் குணம். 14 அடி என்பது சுமார் 4.27 மீட்டர். நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி அதைக் கொண்டு வகுத்தால் 41 ஹெர்ட்ஸ் வரும். அந்த அலை இரண்டு சுவருக்கும் இடையில் நின்றுகொள்கிறது: சுவரோரம் பலமாக இருக்கும், நட்ட நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். நீங்கள் நாற்காலி போட்டிருப்பது சரியாக அந்தப் பூஜ்யத்தில்.

பள்ளம் என்றால் அங்கே ஒலி வராமல் இல்லை. வந்த ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நீங்கள் ஏற்ற ஏற்ற இரண்டுமே ஏறும், இரண்டும் ஒன்றையொன்று தின்னும். ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். ஆனால் ஆம்ப்புக்கும் ஊஃபருக்கும் அது தெரியாது, அவை பாவம் முழுக் கூலி வேலை பார்க்கின்றன. 3 டெசிபல் ஏற்றினால் பவர் இரண்டு மடங்கு, 6 என்றால் நாலு மடங்கு, 9 என்றால் எட்டு. அந்த இடத்தில் 4 வாட் போதுமாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது 32 வாட் கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய கவலை. துளை உள்ள பெட்டியில் துளைக்கென்று ஓர் அலைவரிசை வைத்திருப்பார்கள். ஆறரை அங்குலப் பெட்டிகளில் அது பெரும்பாலும் 45, 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அந்த இடத்தில் பெட்டிக்குள் இருக்கும் காற்று கூம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் பிடி விட்டுப்போய்விடும், கூம்பு வெறும் காற்றில் ஆடுவது போல ஆடும். உங்கள் 40 அதற்குக் கீழே. சவுண்டு காதுக்கு ஏறாது, கூம்பு மட்டும் அடித்துக்கொள்ளும். தட்டு இரைச்சலிலேயே மூச்சு வாங்குகிறது என்றீர்களே, அது இதுதான். தட்டு சுழலும் உருளல், தட்டின் வளைவு எல்லாம் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் இருக்கின்றன. அதை எட்டு மடங்காக்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நாற்காலியை இரண்டரை அடி பின்னால் தள்ளுங்கள். ஈக்வலைசரில் 40-ஐ பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தால் 30-க்குக் கீழே மொத்தமாக வெட்டுங்கள், 78 தட்டில் அங்கே இசை எதுவும் இல்லை.

தொப்பிவலந்தலை

எங்கள் குடும்பம் தவில் குடும்பம், நான் மட்டும் வங்கி வேலைக்குப் போய்விட்டேன், அதனால் ஒரு வார்த்தை. சார் சொன்ன கடைசி வரியைப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். 40 ஹெர்ட்ஸில் நம் கச்சேரியில் என்ன இருக்கிறது? ஒரு கட்டை சுருதிக்குத் தம்புராவின் மிகத் தாழ்ந்த ஸ்வரமான மந்தர சட்ஜமே 65 ஹெர்ட்ஸ். அதுவும் பாட்டுக் கச்சேரியில். தவிலின் கனம் என்று நாம் சொல்வது அதற்கு மேலே இருப்பது, தொப்பியில், அதாவது தவிலின் இடது பக்கத்தில், குச்சி விழும் அந்த முதல் அடி இன்னும் வெகு மேலே.

அப்புறம், அந்தக் காலத் தட்டில் தவில் கனமாகப் பதிவாகவே இல்லை. மைக் குழலுக்குப் பக்கத்தில், தவில் தள்ளி. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம், அதற்குள் ஆலாபனையை அடக்கியாக வேண்டும். இல்லாததை ஈக்வலைசரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கனம் வேண்டும் என்றால் தை மாதம் திருவையாற்றுக்கு ஆராதனைக்குப் போய்ப் பந்தலுக்கு வெளியே நின்று கேளுங்கள். தவில் நெஞ்சில் விழும்.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் குழல் கடைபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தொளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிதாக்குவார்கள். எடுத்த மரத்தை மறுபடி ஒட்ட முடியாது. இதில் நமக்கு அந்தக் கஷ்டம் கூட இல்லை, ஒரு பொத்தானில் பழையபடி ஆகிவிடும், ஆனாலும் நாம்தான் 9 வரைக்கும் போவோம்.

வலங்கைமான் மைக்செட்

சார் சொன்னது அத்தனையும் சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பார்த்ததில் பெரிய ஆம்ப்பால் செத்த ஸ்பீக்கரை விடச் சின்ன ஆம்ப்பை முறுக்கிச் செத்த ஸ்பீக்கர்தான் அதிகம். ஆம்ப் தன் சக்தியின் எல்லையில் முட்டிக்கொண்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடும். அந்த மொட்டையில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், போய் ட்வீட்டர் காயிலை வறுத்துவிடும்.

வோல்டேஜையும் மறந்துவிடாதீர்கள். குறுவைக்கு மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது எங்கள் தெருவில் 190 தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் தேவலை, இல்லாவிட்டால் எல்லாம் போர்வெல்தான். ராத்திரி 11 மணிக்கு நன்றாகப் பாடிய செட் காலை 7 மணிக்கு அதே சவுண்டு குமிழ் நிலையில் கரகரக்கும். பையன்கள் செட் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அரசலாறு

அண்ணே, வோல்டேஜ் விஷயம் அருமை, நான் மறந்தே போனேன். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய பாணி ஆம்ப்புகளில் உள் வோல்டேஜ் கரண்ட்டோடு சேர்ந்தே இறங்கும். 230-க்கு 190 என்றால் பவர் அதன் இருமடிக்குக் குறையும், அதாவது 50 வாட் ஆம்ப் 34 வாட் ஆகிவிடும். அதிலே ஒருவர் 40 ஹெர்ட்ஸை எட்டு மடங்கு கேட்டால் முட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் டிசி என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மன்னிக்கவும். ட்வீட்டருக்கு முன்னால், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் ஒரு கண்டென்சர் இருக்கிறது, டிசியை அது விடவே விடாது. நடப்பது வேறு. மொட்டையான அலைக்கு அதே உச்சியில் முழு அலையை விட இரண்டு மடங்கு வரைக்கும் பவர் உண்டு, 50 வாட் ஆம்ப்பை முழுசாக முறுக்கினால் 100 வாட் வரைக்கும் கக்கும். தாழ்ந்த ஒலி முட்டிக்கொண்டு நிற்கும்போது குமிழை மேலும் திருப்பினால் உயர்ந்த ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போகும், வெட்டுப்பட்ட ஓரங்களிலிருந்து புதிதாக உயர் ஒலிகளும் பிறக்கும். இவ்வளவும் ட்வீட்டரின் தலையில். தலைமுடி போன்ற கம்பி, சூடு தாங்காது.

வலங்கைமான் மைக்செட்

சரி சார், டிசி இல்லை, வைத்துக்கொள்வோம். கருகினது கருகினதுதானே. நான் காசு வாங்கியது காசு வாங்கியதுதான்.

மாடிப்படி

அப்படியென்றால் பெரிய ஆம்ப் வாங்கச் சொன்ன நான் சரியாகத்தானே சொன்னேன்?

அரசலாறு

பாதி சரி. பெரிய ஆம்ப் முட்டாது, ஆனால் பிடி விட்டுப்போன கூம்பை இன்னும் வேகமாகத் தள்ளும். காயில் பின்னால் இருக்கும் இரும்புத் தட்டில் போய் டக் டக் என்று இடிக்கும். சூட்டில் சாகாமல் அடிபட்டுச் சாகும். ஒயர் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

உப்புக்காற்று

நாகப்பட்டினம். கரகர சத்தம் என்றதும் எல்லோரும் காயிலுக்கே போகிறீர்களே. எங்கள் பக்கத்தில் பாதி கரகரப்பு களிம்புதான். ஒயர் முனை பச்சை பிடித்துப்போகும், ஆம்ப்பின் பின்னால் உள்ள சாக்கெட் வெளுத்துப்போகும், குமிழைத் திருப்பினால் கொறகொறக்கும். நான் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒயர் முனையை வெட்டிப் புதிதாகச் சீவிப் போடுகிறேன். கான்டாக்ட் கிளீனர் இருந்தால் அடியுங்கள், தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். ஓடு பறந்து என் பெட்டிகள் இரண்டும் நனைந்தன. கரண்ட் வர வாரக்கணக்கு ஆனதால் உடனே போட்டுப் பார்க்க முடியவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. ஸ்பீக்கர்கள் காய்ந்து பிழைத்துக்கொண்டன. மரத்தூள் பலகைப் பெட்டிதான் ஊதி, மூலை பிரிந்து, அங்கிருந்து காற்று சீறும். அந்தச் சீறலை நான் மூன்று மாதம் ட்வீட்டர் பழுது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் எந்த முடிவுக்கும் வருவதற்கு முன் இடம் மாற்றிப் பாருங்கள். ஆம்ப்பை அணைத்துவிட்டு இடது ஒயரை வலதிலும் வலது ஒயரை இடதிலும் மாட்டுங்கள். சத்தம் வலது பெட்டிக்குப் போனால் ஆம்ப் பக்கம் கோளாறு. அங்கேயே இருந்தால் பெட்டியோ, பெட்டியைச் சுற்றி இருக்கும் ஏதோ ஒன்றோ. அடுத்து பெட்டியையே இடம் மாற்றுங்கள். பீரோக் கதவு அதிர்ந்ததற்கு ஸ்பீக்கரைப் பிரித்தவர்கள் உண்டு.

குடமுருட்டி

மூன்று நாள் ஆயிற்று, சொன்னதையெல்லாம் செய்துவிட்டு வருகிறேன்.

முதலில் 41 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். சார், நடுவில் ஒன்றுமே இல்லை! சுவரோரம் போனால் கும்மென்று இருக்கிறது. இத்தனை நாள் ஆம்ப்போடு சண்டை போட்டிருக்கிறேன், நாற்காலியைத் தள்ள எனக்குத் தோன்றவில்லை. இரண்டரை அடி பின்னால் தள்ளிவிட்டேன். ஈக்வலைசரில் 40 பூஜ்யம், 30-க்குக் கீழே வெட்டு. கூம்பு ஆடுவது நின்றுவிட்டது. நடுவில் உட்கார்ந்தபோது 80 பக்கம் இருந்த ஒரு கொழகொழப்பும் குறைந்திருக்கிறது, இதை நான் கேட்கவே இல்லை, சும்மா கிடைத்தது.

காலையில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 195. அண்ணன் வாய்க்குச் சர்க்கரை.

மல்டிமீட்டரில் இரண்டு ஊஃபரும் 6 ஓம் பக்கம் காட்டுகின்றன. 8 ஓம் என்று எழுதியிருக்கிறதே என்று ஒரு நிமிஷம் பதறினேன்.

ஆனால் கரகரப்பு இருக்கிறது. முன்பு போல இல்லை, சவுண்டு ஏற்றினால் மட்டும். ஒயரை மாற்றினேன், இடது பெட்டியிலேயே நின்றது. பெட்டியை இடம் மாற்றினேன், பெட்டியோடு கூடவே போகிறது. அப்படியென்றால் பெட்டிதானே?

அரசலாறு

6 ஓம் சரிதான், மீட்டர் வெறும் கம்பியின் தடையை மட்டும் காட்டும். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே, அதுதான் முக்கியம்.

நீங்கள் பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு சின்ன வேலை. ஆம்ப் எங்கே முட்டும் என்று அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, கணினியில் முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டுங்கள், ஈக்வலைசர், டோன் எல்லாம் பூஜ்யத்தில். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் வெளியீட்டில் பிடியுங்கள். 8 ஓமுக்கு 50 வாட் என்றால் 20 வோல்ட், 20-ஐ 20-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 50. கரண்ட் இறங்கும் நேரத்துக்கும் சேர்த்து 16 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸில் சரியாகவே காட்டும். அந்த இடத்தில் குமிழுக்கு நேராக வீட்டில் இருக்கும் நகப்பூச்சால் ஒரு புள்ளி. பலருக்கு அந்தப் புள்ளி குமிழின் பாதியிலேயே வந்துவிடும், அதற்கு மேல் இருக்கும் மீதி சுற்று மெதுவாகப் பதிவான பாட்டுகளுக்கு மட்டும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது, ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

வலங்கைமான் மைக்செட்

தம்பி, பிரிக்கும்போது கவனம். பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுத் திருகுங்கள். ஸ்க்ரூடிரைவரை ஊஃபருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மேக்னட் வெடுக்கென்று இழுக்கும், கூம்பில் குத்திக்கொண்டு நிற்கும். எத்தனை பேர் நல்ல ஸ்பீக்கரைப் பழுது பார்க்கப் போய்ப் பழுதாக்கினார்கள் தெரியுமா, நான் உட்பட. ஒரு கையால் கூம்பை மறைத்துக்கொண்டு மறு கையால் திருகுங்கள்.

அதற்கும் முன்னால் பின்பக்கத் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சும்மா பாருங்கள்.

குடமுருட்டி

அண்ணே, உங்கள் கையைக் கொடுங்கள்.

துளைக்குள் குளவிக் கூடு! பழைய கூடு ஒன்று உடைந்து, காய்ந்த மண் துண்டுகள் பெட்டிக்குள் உதிர்ந்து கிடக்கின்றன. சவுண்டு ஏறும்போது அதுகள்தான் தாம்பாளத்தில் உளுந்து மாதிரி குதித்துக் கரகரத்திருக்கின்றன. பக்கத்திலேயே புதிதாக இன்னொரு கூடு, மண் இன்னும் ஈரம்.

உப்புக்காற்று

ஹாஹா. நான் களிம்பு என்றேன், அவர் காயில் என்றார், சார் கணக்குப் போட்டார். குளவி ஒன்றுக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது.

அரசலாறு

சிரிக்கலாம், ஆனால் அந்த மண்ணை அப்படியே விட்டுவிட்டுப் போடாதீர்கள். பொடியாகிக் காயில் இருக்கும் இடுக்கில் போனால் பிறகு நிஜமாகவே உரசும். ஊஃபரைக் கழற்றி, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, மெல்லிய தூரிகையால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். துளை வாயில் கொசுவலைத் துணி கட்டலாம், காற்றுக்குப் பெரிய தடை இருக்காது.

குடமுருட்டி

மண்ணைக் கொட்டியாயிற்று. 16 வோல்ட் புள்ளியும் வைத்தாயிற்று, குமிழ் பாதிக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. ஒரு மாதமாக அதைத் தாண்டித்தான் வைத்திருந்தேன்.

சிக்கல் புதுக் கூட்டில். எடுக்கப் போனபோது அம்மா மாடிக்கு வந்துவிட்டார். குளவி கூடு கட்டின வீட்டில் பிள்ளைச் சத்தம் கேட்கும், அதை இடிக்காதே என்கிறார். எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம். வீட்டுக்காரியும் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

குளவி பறந்து போகும் வரை இடது பெட்டியைப் போடுவதில்லை என்று முடிவு. ஒரு சந்தேகம்: ஒற்றைப் பெட்டியில் இரண்டு சேனலையும் கேட்க ஆம்ப்பில் இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிடலாமா?

அரசலாறு

ஐயோ, வேண்டவே வேண்டாம், ஆம்ப் போய்விடும். கணினியிலேயே இரண்டு சேனலும் ஒன்றாகும்படி மோனோ என்று வைத்துவிட்டு வலது பெட்டியை மட்டும் ஓட்டுங்கள். நீங்கள் கேட்கும் 78 தட்டுகள் எல்லாமே மோனோதான், ஒரு பெட்டியில் கேட்டால் எதுவும் குறையாது.

தொப்பிவலந்தலை

அந்தக் காலத்தில் கடைத்தெருவில் ஒரே ஒரு குழாய் ரேடியோவில்தான் ஊரே கேட்டது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வலங்கைமான் மைக்செட்

வலது பெட்டியின் துளைக்கு இன்றைக்கே வலை கட்டிவிடுங்கள் தம்பி.